நிழலுக்கு உயிர் கொடுத்த கத்தரிக்கோல்



காட்டுப்பள்ளிக் கடற்கரையில் விடியற்காலை நேரத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? கிழக்கே கடலுக்கு மேல் வானம் மெல்ல மெல்லச் சிவக்கும். அந்த வெளிச்சத்துக்கு முன்னால் துறைமுகத்து ராட்சத கிரேன்கள் கன்னங்கரேலென்று நிற்கும். படகைத் தள்ளுகிற ஆட்களும் கறுப்பாகத்தான் தெரிவார்கள். முகம் தெரியாது. சட்டையின் நிறம் தெரியாது. ஆனாலும், நடையைப் பார்த்தே, அதோ மாமா வருகிறார், இதோ அண்ணன் வருகிறான் என்று கண்டுபிடித்து விடுவோம். இல்லையா?

அதுதான் நிழல் செய்கிற வேடிக்கை. முகமே இல்லாவிட்டாலும், உருவமும் அசைவும் சரியாக இருந்தால் போதும். ஆளை அடையாளம் காட்டிவிடும்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் மின்சாரம் கிடையாது. அரிக்கேன் விளக்குதான். சாப்பாடு முடிந்ததும் அம்மா விளக்கின் முன்னால் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடிப்பார். சுவரில் மான் வரும், நாய் வரும், கொக்கு வரும். பின்னாளில் நான் ஆசிரியரானபோது, வகுப்பில் அட்டையை வெட்டி நிழல் பொம்மை செய்து கதை சொல்லியிருக்கிறேன். எவ்வளவு குறும்புக்காரப் பிள்ளைகளும் அப்போது கப்சிப்பென்று உட்கார்ந்திருப்பார்கள்.

இப்படி வீட்டில் விளையாட்டாக நிழல் பொம்மை வெட்டத் தொடங்கிய ஒரு சிறுமி, அந்தக் கத்தரிக்கோலை 80 வயது வரை கீழே வைக்கவே இல்லை. உலக சினிமா வரலாற்றிலேயே தனக்கென்று ஓர் இடத்தைப் பிடித்துவிட்டார். அவர் பெயர் லோட்டே ரைனிகர். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். கடைசியில், வண்ண வண்ண நிழல் பொம்மையை வீட்டிலேயே செய்வது எப்படி என்றும் பார்க்கலாம்.

சினிமாவுக்குத் தங்கை

லோட்டே 1899ம் ஆண்டு ஜூன் 2ம் தேதி ஜெர்மனி நாட்டின் பெர்லின் நகரில் பிறந்தாள். அப்பா வங்கியில் வேலை பார்த்தார். வீட்டுக்கு அவள் ஒரே பிள்ளை.

பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் பொதுமக்களுக்கு முதன்முதலாகச் சினிமா காட்டியது 1895ம் ஆண்டு. அப்படியானால் லோட்டேயை விடச் சினிமாவுக்கு நாலே வயதுதான் அதிகம்! இருவரும் அக்கா தங்கை மாதிரி ஒன்றாகவே வளர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

அந்தக் காலத்து ஜெர்மனியில் கறுப்புத் தாளைக் கத்தரித்து உருவங்கள் செய்வது பழக்கத்தில் இருந்த ஒரு கலை. லோட்டேயும் சிறு வயதிலேயே அதைக் கற்றுக்கொண்டாள். மற்றப் பிள்ளைகள் பூவும் இலையும் வெட்டினால், அவள் ஓடுகிற குதிரையை வெட்டுவாள். பாவாடை பறக்க ஆடுகிற பெண்ணை வெட்டுவாள். பென்சிலால் கோடு போட்டுக்கொள்ள மாட்டாள். கண்ணால் பார்த்ததைக் கத்தரிக்கோல் நேராகத் தாளில் கொண்டுவரும்.

அவளுடைய முறை என்ன தெரியுமா? கத்தரிக்கோல் பிடித்த கையை அதிகம் அசைக்க மாட்டாள். மற்றக் கையில் இருக்கும் தாளைத்தான் மெல்லத் திருப்பிக் கொடுப்பாள். அப்போது வளைவுகள் பிசிறில்லாமல் வழவழப்பாக வரும். நீங்களும் முயன்று பாருங்கள்.

வெட்டிய உருவங்களைச் சும்மா அடுக்கி வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. வீட்டிலேயே ஒரு சின்ன நிழல் நாடக மேடை அமைத்தாள். முன்னால் திரை, பின்னால் விளக்கு, நடுவில் அவள் வெட்டிய பொம்மைகள். அம்மாவும் அப்பாவும் உறவினர்களும் தோழிகளும் அவளுடைய ரசிகர்கள். தேவதைக் கதைகளை அந்தக் குட்டி மேடையில் நடத்திக் காட்டினாள்.

நம் ஊர்க் கலைதான்!

நிழல் நாடகம் ஐரோப்பாவில் பிறந்த கலை என்று நினைத்துவிடாதீர்கள். ஆசியாவில்தான் அது பல நூற்றாண்டுகளாகச் செழித்து வந்தது. சீனாவில் உண்டு. ஜாவா தீவில் வயாங் என்ற பெயரில் உண்டு. நம் தமிழ்நாட்டில் தோல்பாவைக் கூத்து உண்டு. ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கி, அதில் ராமரையும் சீதையையும் அனுமனையும் வரைந்து வண்ணம் தீட்டி, சின்னச் சின்னத் துளைகள் போடுவார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கை வைத்து அந்தப் பாவைகளை ஆட்டினால், சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் திரையே ஜொலிக்கும். கேரளத்தில் பகவதி கோவில் விழாக்களில் நடக்கும் தோல்பாவைக் கூத்தில் நம்முடைய கம்பராமாயணத்தைத்தான் பாடுகிறார்கள்.

ஆகவே, பெர்லினில் ஒரு வீட்டுக்குள் லோட்டே ஆடிய விளையாட்டு, நம் கோவில் திடல்களில் விடிய விடிய நடந்த கூத்துக்குத் தூரத்து உறவு!

மர எலிகள் கொடுத்த வேலை

லோட்டேக்குச் சினிமா என்றால் உயிர். அதிலும் மாயாஜாலக் காட்சிகள் என்றால் கண் இமைக்காமல் பார்ப்பாள். 1915ம் ஆண்டு, பால் வேகெனர் என்ற புகழ்பெற்ற நடிகரும் இயக்குநருமானவர் பெர்லினில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். கேமராவைக் கொண்டு என்னென்ன அதிசயங்கள் செய்யலாம் என்பதுதான் அவர் பேசிய விஷயம். அதைக் கேட்ட நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைவே இல்லை. எப்படியாவது அவரிடம் வேலைக்குச் சேர வேண்டும்!

பெற்றோரிடம் கெஞ்சிக் கூத்தாடி, மாக்ஸ் ரைன்ஹார்ட் என்பவருடைய நாடகப் பள்ளியில் சேர்ந்தாள். வேகெனர் நடித்து வந்தது அந்த நாடகக் குழுவில்தான். ஆனால், நேற்று வந்த ஒரு சின்னப் பெண்ணை யார் கவனிப்பார்கள்? லோட்டே தனக்குத் தெரிந்த ஒரே ஆயுதத்தைக் கையில் எடுத்தாள். மேடைக்குப் பக்கத்தில் ஓரமாக நின்றுகொண்டு, நடிக்கிற நடிகர்களை அப்படியே கறுப்புத் தாளில் வெட்டத் தொடங்கினாள். எந்த நடிகருக்குத்தான் தன் உருவத்தைப் பார்க்க ஆசை இருக்காது? எல்லாரும் அவளைத் தேடி வந்தார்கள். வேகெனரும் வந்தார். தன் படங்களில் இடையிடையே வரும் எழுத்துப் பலகைகளுக்கு நிழலுருவம் வெட்டித் தரும் வேலையைக் கொடுத்தார். அது பேசாத படங்களின் காலம். கதையை எழுத்தில்தான் காட்டுவார்கள்.

1918ல் வேகெனர், ஹாம்லின் நகரத்துக் குழலூதியின் கதையைப் படமாக்கினார். குழலை ஊதியதும் ஊரில் உள்ள எலிகள் எல்லாம் பின்னால் போகுமே, அதே கதைதான். நிஜ எலிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை குழலூதியின் பின்னால் போகாமல் ஆளுக்கொரு திசையில் ஓடிவிட்டன! அடுத்து கினிப் பன்றிகளுக்கு எலி வேஷம் போட்டுப் பார்த்தார்கள். அவையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் மரத்தால் எலிகள் செய்தார்கள். ஒரு படம் எடுப்பது, எலிகளைக் கொஞ்சம் நகர்த்துவது, மறுபடி ஒரு படம் எடுப்பது. இப்படிப் பொறுமையாக எடுத்து, வரிசையாக ஓட்டிப் பார்த்தால், மர எலிகள் நிஜமாகவே ஓடின! அந்த எலிகளை நகர்த்தியவர்களில் நம் லோட்டேயும் ஒருத்தி. அப்போது அவளுக்கு 19 வயது.

உயிரில்லாத பொருளை இப்படி அசைய வைக்கலாம் என்றால், நான் வெட்டுகிற தாள் பொம்மைகளையும் அசைய வைக்கலாமே என்ற எண்ணம் அவளுக்குள் வேர் விட்டது.

மேசைக்கு அடியில் விளக்கு

வேகெனர் அறிமுகம் செய்து வைத்ததால், பெர்லினில் கல்விப் படங்கள் எடுக்கும் ஒரு நிறுவனத்தில் லோட்டேக்கு இடம் கிடைத்தது. 1919ல் தன் முதல் நிழல் படத்தை எடுத்து முடித்தார். நாலைந்து நிமிடம் ஓடுகிற சின்னப் படம்தான். ஆனால், அதை எடுத்த முறையைத்தான் கடைசிவரை அவர் பின்பற்றினார்.

மேசையில் பலகைக்குப் பதிலாகக் கண்ணாடி. கண்ணாடிக்கு அடியில் விளக்கு. கண்ணாடியின் மேல் பொம்மை. மேலே, உயரத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கும் கேமரா. பொம்மையின் கை, கால், தலை, இடுப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கறுப்பு அட்டையில் வெட்டி, மெல்லிய கம்பியால் மூட்டு மூட்டாக இணைப்பார். அட்டை எழும்பாமல் படிந்து கிடப்பதற்காக, சில பாகங்களை மெல்லிய ஈயத் தகட்டில் செய்வார். ஒரு முக்கியமான பாத்திரத்துக்கு இப்படி டஜன் கணக்கில் துண்டுகள் தேவைப்படும்.

பிறகு, கையை ஒரு நூல் அளவு நகர்த்துவார். கேமராவில் ஒரு படம். இன்னொரு நூல் அளவு. இன்னொரு படம். திரையில் ஒரு நொடி ஓடுவதற்கு 24 படங்கள் என்று கணக்கு வைத்துக்கொண்டால், ஒரே ஒரு நிமிடத்துக்கு 1,440 படங்கள் எடுக்க வேண்டும். நோட்டை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள், சரியாக இருக்கும். நடுவில் யாராவது தும்மினால் போச்சு! பொம்மை இடம் மாறிவிடும்.

அந்த நிறுவனத்தில் கார்ல் கோக் என்ற இளைஞரும் வேலை செய்தார். லோட்டேயும் அவரும் 1921ல் திருமணம் செய்துகொண்டார்கள். அன்று முதல் பெரும்பாலும் கேமரா கோக்கின் பொறுப்பு, கத்தரிக்கோல் லோட்டேயின் பொறுப்பு.

கார் கொட்டகையின் மேலே ஒரு பாக்தாத்

1923ம் ஆண்டு ஜெர்மனியில் பணத்தின் மதிப்பு மளமளவென்று சரிந்தது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. அந்த ஆண்டின் கடைசியில் ஒரு ரொட்டி வாங்கக்கூடப் பல ஆயிரம் கோடி மார்க் நோட்டுகள் தேவைப்பட்டன. மார்க் என்பது அந்நாட்டு நாணயம். கையிலிருக்கும் பணம் நாளைக்குக் காகிதமாகிவிடும் என்று பயந்து, வசதியுள்ளவர்கள் பணத்தைப் பொருளாக மாற்றி வைத்தார்கள். லூயி ஹாகன் என்ற வங்கி முதலாளி அப்படி வாங்கிப் போட்டது என்ன தெரியுமா? பெட்டி பெட்டியாகப் படச்சுருள்!

ஆனால், படச்சுருளை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? லோட்டேயை அழைத்து, ஒரு முழுநீள நிழல் படம் எடுக்க முடியுமா என்று கேட்டார். கார்ட்டூன் படம் என்றால் பத்து நிமிடம், சிரிக்க வைத்துவிட்டு முடிந்துவிட வேண்டும் என்று எல்லாரும் நினைத்திருந்த காலம் அது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தாள் பொம்மைகளை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? சினிமாத் தொழிலில் இருந்தவர்களுக்கு நம்பிக்கை இல்லை. 24 வயது லோட்டே சரி என்று ஒப்புக்கொண்டார்.

பெர்லினுக்குப் பக்கத்தில் உள்ள பாட்ஸ்டாம் என்ற ஊரில் ஹாகனின் வீடு இருந்தது. அங்கே கார் நிறுத்தும் கொட்டகையின் மேல் மாடிதான் படப்பிடிப்புக் கூடம். கூரை தாழ்வு. அதனால் கண்ணாடி மேசையைத் தாழ்வாக வைத்து, லோட்டே முட்டிபோட்டுக்கொண்டுதான் வேலை செய்வார். அவரோடு கணவர் கோக், வால்டர் ருட்மன், பெர்தோல்ட் பார்டோஷ் முதலிய நண்பர்கள் சிலர். ருட்மன் மணலையும் சோப்பையும் கொண்டு மாயப் புகையும் நெருப்பும் வரவழைத்தார். பார்டோஷ் ஒளி ஊடுருவும் தாள்களை அடுக்கி நகர்த்திக் கடலலைகளை உருவாக்கினார். காட்சியில் ஆழம் தெரிவதற்காகக் கண்ணாடிப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் படமெடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து வால்ட் டிஸ்னியின் நிறுவனமும் இதே போன்ற அடுக்குக் கண்ணாடி முறையைப் பெரிய அளவில் பயன்படுத்தியது.

கதை, ஆயிரத்தோரு இரவுகள் என்னும் அரபுக் கதைகளிலிருந்து எடுக்கப்பட்டது. இளவரசன் அகமது ஒரு மந்திரவாதியிடம் ஏமாந்து, பறக்கும் குதிரையில் ஏறிவிடுகிறான். மேலே பறப்பது எப்படி என்று தெரிகிறது. கீழே இறங்குவது எப்படி என்று தெரியவில்லை! அப்புறம் மாயத் தீவு, அழகி பரிபானு, அலாவுதீனும் அவன் விளக்கும், நல்ல சூனியக்காரி ஒருத்தி என்று கதை பறக்கிறது. சூனியக்காரியும் மந்திரவாதியும் மாறி மாறி விலங்குகளாக உருவெடுத்துச் சண்டை போடும் காட்சியை இன்றும் வாய் பிளந்து பார்க்கலாம்.

மூன்று ஆண்டுகள் அந்த மாடியில் வேலை நடந்தது. பொம்மைகள் கறுப்புத்தான். ஆனால், படச்சுருளைச் சாயத்தில் தோய்த்து, ஒரு காட்சிக்கு மஞ்சள், ஒரு காட்சிக்கு நீலம், ஒரு காட்சிக்குச் சிவப்பு என்று பின்னணிக்கு வண்ணம் கொடுத்தார்கள்.

படம் 1926ல் முடிந்தது. திரையிடத் தியேட்டர்காரர்கள் தயங்கினார்கள். ஆகவே, மே 2ம் தேதி பெர்லினில் ஒரு நாடக அரங்கில் நண்பர்களையும் பத்திரிகைக்காரர்களையும் கூட்டித் தாங்களே போட்டுக் காட்டினார்கள். அரங்கு நிறைந்தது, கைதட்டல் அதிர்ந்தது. பிறகு பாரிஸ் நகரிலும் வெற்றி. வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீளப் படமான ஸ்னோ வொயிட் வந்தது 1937ல். அதற்கு 11 ஆண்டுகள் முன்பே வந்தது இளவரசன் அகமது. இன்று நமக்குப் பார்க்கக் கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் இதுதான் மிகப் பழையது.

வீடில்லாத ஆண்டுகள்

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால், 1933ல் ஹிட்லரின் நாஜிக் கட்சி ஜெர்மனியின் ஆட்சியைப் பிடித்தது. யூத மக்களையும், தங்களை எதிர்த்தவர்களையும் கொடுமைப்படுத்தத் தொடங்கியது. லோட்டே யூதர் அல்லர். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலைக்குக் குறை இருந்திருக்காது. ஆனால், அவருடைய நண்பர்களில் பலர் யூதர்கள். அவர்கள் துரத்தப்படும் நாட்டில் தான் மட்டும் நிம்மதியாக இருக்க அவருக்கும் கணவருக்கும் மனம் ஒப்பவில்லை. நாட்டை விட்டு வெளியேற முடிவு செய்தார்கள்.

எங்கே போவது? எந்த நாடும் நிரந்தரமாகத் தங்க அனுமதி கொடுக்கவில்லை. இங்கிலாந்தில் சில மாதம், பிரான்சில் சில மாதம், இத்தாலியில் சில மாதம். அனுமதிச் சீட்டு முடிந்ததும் பெட்டியைக் கட்டவேண்டியதுதான். இப்படியே ஆண்டுகள் ஓடின. பெரிய கூடம் இல்லை, பெரிய குழுவும் இல்லை. ஆனால், கத்தரிக்கோலை எந்த ஊருக்கும் கொண்டு போகலாமே! போன இடமெல்லாம் வெட்டினார். போன இடமெல்லாம் படம் எடுத்தார். லண்டனில் தபால் துறையின் படப்பிரிவுக்காகக்கூடப் படம் எடுத்துக் கொடுத்தார். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவாரின் படம் ஒன்றில் வரும் நிழல் நாடகக் காட்சியும் அவர் அமைத்ததுதான்.

இரண்டாம் உலகப்போர் உச்சத்தில் இருந்தபோது, பெர்லினில் இருந்த அம்மாவுக்கு உடல்நலம் சரியில்லாமல் போயிற்று. எந்த ஊரை வேண்டாம் என்று விட்டு வந்தாரோ, குண்டு விழுகிற அந்த ஊருக்கே, அம்மாவைக் கவனிப்பதற்காக லோட்டே திரும்பிப் போனார்.

1945ல் பெர்லினில் நடந்த போரில் நகரமே இடிந்து நொறுங்கியது. மூன்று ஆண்டுகள் முட்டிபோட்டு எடுத்தாரே, அந்த இளவரசன் அகமது படத்தின் மூலச்சுருள் அதில் அழிந்து போனது. எவ்வளவு உழைப்பு! எத்தனை ஆயிரம் முறை அந்தக் கை, கால்களை நகர்த்தியிருப்பார்! உங்கள் ஆண்டுப் பரீட்சை விடைத்தாள் தொலைந்து போனால் எப்படி இருக்கும்? அதைப்போல் ஆயிரம் மடங்கு.

ஆனால், ஒரு நல்ல காரியம் நடந்திருந்தது. அந்தப் படத்தின் பிரதி ஒன்று லண்டனில், பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனத்தின் காப்பகத்தில் பத்திரமாக இருந்தது. அதைக் கொண்டுதான் படத்தைப் பிற்பாடு மீட்டார்கள். 1990களின் கடைசியில், பழைய வண்ணங்களோடும் வோல்ப்காங் செல்லர் அமைத்த இசையோடும் படம் புதுப்பிக்கப்பட்டது. மூலம் அழிந்தும் படம் பிழைத்ததற்குக் காரணம், யாரோ ஒருவர் ஒரு பிரதியைப் பொறுப்பாக எடுத்து வைத்ததுதான்.

மீண்டும் தேவதைக் கதைகள்

1949ல் லோட்டேயும் கோக்கும் லண்டனில் குடியேறினார்கள். அவருக்கு வயது 50. மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய நிலை.

அப்போது ஒரு பழைய முகம் வந்தது. படச்சுருள் வாங்கிப் போட்டாரே ஹாகன், அவருடைய மகன்! அவர் பெயரும் லூயி ஹாகன்தான். பாட்ஸ்டாம் வீட்டில் சிறுவனாக இருந்தபோது, கொட்டகை மாடியில் நடந்த வேலையை வேடிக்கை பார்த்தவர். பின்னர் நாஜிக்களின் வதைமுகாமில் அடைபட்டு, விடுபட்டு, இங்கிலாந்து வந்து சேர்ந்தவர். அந்தச் சிறுவன் வளர்ந்து, 1953ல் லோட்டேக்காக ஒரு படக் கம்பெனி தொடங்க உதவினார். அப்பா கொடுத்த வாய்ப்பை முப்பது ஆண்டு கழித்து மகன் மறுபடி கொடுத்தார்.

சிண்ட்ரெல்லா, தூங்கும் அழகி, அலாவுதீன் என்று குழந்தைகளுக்குப் பிடித்த கதைகளைத் தொலைக்காட்சிக்காக வரிசையாக எடுத்துத் தள்ளினார். துணிச்சலான தையல்காரரின் கதை 1955ல் வெனிஸ் நகரில் பரிசு பெற்றது. ஜாக்கும் அவரைக்கொடியும் கதையில் பொம்மை கறுப்பு, பின்னணியெல்லாம் வண்ணம்!

1963ல் கணவர் கோக் இறந்து போனார். நாற்பது ஆண்டுத் துணை போனபின் லோட்டே படம் எடுப்பதையே பல ஆண்டுகள் நிறுத்திவிட்டார். ஆனாலும் கைக்குத் தெரிந்த வேலை மறக்குமா? 1970ல் நிழல் நாடகம், நிழல் படம் இரண்டைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். பொம்மை செய்வது எப்படி, மூட்டு இணைப்பது எப்படி என்று தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார். 1972ல் ஜெர்மனி அவரை அழைத்துத் திரைப்பட விருது கொடுத்தது. கனடாவில் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1975ல், தம் 76வது வயதில், கனடா நாட்டுப் படக்கழகத்துக்காக ஒரு படம் எடுத்தார். அதில் திரை முழுவதும் வண்ணத் தாள்களின் ஜாலம்!

கடைசி நாட்களில் ஜெர்மனிக்கே திரும்பி, டெட்டன்ஹவுசன் என்ற சிற்றூரில் வாழ்ந்தார். 1981ம் ஆண்டு ஜூன் 19ம் தேதி, 82 வயதில் காலமானார். வாழ்நாளில் 40க்கும் மேற்பட்ட நிழல் படங்கள். அவர் வெட்டிய பொம்மைகளைப் பக்கத்தில் உள்ள டூபிங்கன் நகர அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வருகிறார்கள்.

நாடு போயிற்று, வீடு போயிற்று, உழைத்து எடுத்த படத்தின் மூலம் போயிற்று, துணையும் போயிற்று. சிறு வயதில் விளையாட்டாகக் கற்ற கைவேலை மட்டும் கடைசிவரை அவரோடு இருந்தது. ஆகவே, நீங்கள் காகிதம் வெட்டும்போதோ, களிமண் பிசையும்போதோ, யாராவது வேலையற்ற வேலை என்றால் லோட்டே பாட்டியின் கதையைச் சொல்லுங்கள்.

நீங்களும் செய்யலாம்: வண்ண நிழல் பொம்மை

தேவையானவை: பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, பல நிறக் கண்ணாடித் தாள், கத்தரிக்கோல், பசை, ஊசி நூல், துடைப்பக் குச்சி, ஒட்டும் டேப், காலி அட்டைப்பெட்டி, பழைய வெள்ளை வேட்டித் துண்டு, டார்ச் விளக்கு.

1. அட்டைப்பெட்டியின் அடிப்பக்கத்தில், சுற்றிலும் இரண்டு விரல் அகலம் விட்டு, ஜன்னல் போல வெட்டுங்கள். உட்புறமாக வேட்டித் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டுங்கள். பெட்டியைப் படுக்க வைத்தால் திரை தயார்.

2. முதலில் ஒரு மீன் செய்யலாம். அட்டையில் உள்ளங்கை அளவுக்கு மீன் வரைந்து வெட்டுங்கள். உடம்பின் நடுவில் செதில் போலச் சில இடங்களை வெட்டி எடுங்கள். அட்டையை லேசாக மடித்துக்கொண்டு வெட்டினால் நடுவில் வெட்டுவது சுலபம். பிளேடு தேவையென்றால் பெரியவர்களிடம் கொடுங்கள்.

3. வெட்டிய ஓட்டைகளுக்குப் பின்னால் சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடித் தாள்களை ஒட்டுங்கள். மஞ்சள் மேல் நீலத்தை வைத்தால் பச்சை கிடைக்கும்!

4. வாலைத் தனியாக வெட்டி, உடம்போடு அரை அங்குலம் மேலேறும்படி வைத்து, ஊசியால் நூல் கோத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுங்கள். முடிச்சு இறுக்கமாக இருந்தால் வால் ஆடாது. கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இதுதான் லோட்டே கம்பியால் செய்த மூட்டு.

5. உடம்பில் ஒரு குச்சி, வாலில் ஒரு குச்சியை டேப்பால் ஒட்டுங்கள். இரண்டு கையாலும் அசைத்தால் மீன் நீந்தும்.

6. அறையை இருட்டாக்கி, திரைக்குப் பின்னால் டார்ச்சை வையுங்கள். துணி பக்கத்தில் இருப்பதால் மெழுகுவர்த்தியோ எண்ணெய் விளக்கோ கண்டிப்பாகக் கூடாது. பொம்மையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் தெளிவாக இருக்கும். டார்ச் பக்கம் கொண்டு போனால் நிழல் பெரிதாகி, ஓரம் மங்கும். பூதம் வருகிற காட்சிக்கு இது உதவும்!

கண்ணாடித் தாள் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். வெள்ளைத் தாளில் படம் வரைந்து, மெழுகு வண்ணத்தால் அழுத்தித் தீட்டுங்கள். தாளின் பின்புறத்தில் பஞ்சால் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவித் துடைத்துவிடுங்கள். தாளில் ஒளி ஊடுருவும். தோல்பாவை போலவே திரையில் நிறங்கள் தெரியும்.

மீன் நன்றாக நீந்தினால், அடுத்து ஒரு படகு, அதில் வலை வீசும் ஒரு மாமா, கரையில் ஒரு பெரிய கிரேன் என்று வெட்டுங்கள். கதையும் நீங்களே கட்டுங்கள். மின்சாரம் போகும் நாளில் தம்பி தங்கைகளையும் தாத்தா பாட்டியையும் கூட்டி உட்கார வைத்து முதல் காட்சியை நடத்துங்கள். காட்சி முடிந்ததும் பொம்மைகளைத் தூக்கி எறிந்துவிடாமல், ஒரு பழைய நோட்டுக்குள் பத்திரமாக வையுங்கள்.